பாட்டைக் கட்டுப்படுத்திகளில் தாமதமாக இணையும் சாதனங்கள்

தாமதமாக இணையும் சாதனம் என்பது, கணினியின் பாட்டைக் கட்டுப்படுத்தி இயங்கத் தொடங்கித் தன் பாட்டையில் உள்ள சாதனங்களை எண்ணி முடித்த பின்னர் வந்து சேரும் அல்லது அதன் பின்னரே ஆயத்த நிலையை அடையும் வன்பொருளைக் குறிக்கும். பஸ் என்று பரவலாக அறியப்படும் பாட்டை, கணினியின் உறுப்புகள் தரவைப் பரிமாறிக்கொள்ளும் பொதுவழி ஆகும். அப்பாட்டையை ஆளும் கட்டுப்படுத்திக்கு உரிய இயக்கி மென்பொருள், தாமதமாக வரும் சாதனத்தைத் தவறவிடக் கூடாது. அதே வேளையில் அதற்காக முழுக் கணினியையும் காக்க வைக்கவும் கூடாது. இவ்விரு தேவைகளும் ஒன்றுக்கொன்று எதிரானவை. இவற்றைச் சமன்செய்யும் முறைகள் இயங்குதள வடிவமைப்பின் முக்கியப் பகுதிகளுள் ஒன்றாக விளங்குகின்றன.

விரலி நினைவகத்தைச் செருகியவுடன் அது திரையில் தோன்றுவது இத்தகைய கையாளுதலின் பயன் ஆகும். இது பிழையாக அமையும்போது, கணினி தொடங்கும்போது வட்டு கிடைக்காமல் நின்றுவிடுதல், தொடுதிரை சில நாட்களில் மட்டும் வேலை செய்யாதிருத்தல் போன்ற, மீண்டும் உருவாக்கிப் பார்க்கக் கடினமான குறைகள் தோன்றுகின்றன.

அடிப்படைக் கருத்துகள்

பாட்டை ஒன்றில் பொதுவாக மூன்று தரப்புகள் உள்ளன. முதலாவது, பாட்டையில் யார் எப்போது பேசலாம் என்பதை முடிவு செய்யும் கட்டுப்படுத்தி. இரண்டாவது, பாட்டையோடு இணைந்த சாதனங்கள். மூன்றாவது, இயங்குதளத்தின் கருனிக்குள் இயங்கும் இயக்கிகள். கட்டுப்படுத்திக்கு ஓர் இயக்கியும், ஒவ்வொரு வகைச் சாதனத்துக்கும் தனித்தனி இயக்கியும் தேவைப்படும்.

கட்டுப்படுத்தியின் இயக்கி தொடங்கியதும் பாட்டையில் உள்ள சாதனங்களை எண்ணுகிறது. இதை வகுப்பில் ஆசிரியர் வருகைப் பதிவு எடுப்பதற்கு ஒப்பிடலாம். பெயர் படித்து முடித்த பின் வாசலில் வந்து நிற்கும் மாணவனை ஆசிரியர் சேர்த்துக்கொள்ள வேண்டும் எனில், ஒன்று அவன் குரல் கொடுக்க வேண்டும், அல்லது ஆசிரியர் அவ்வப்போது வாசலைப் பார்க்க வேண்டும். பாட்டைகளிலும் இவ்விரு வழிகளே உள்ளன. சாதனம் தானே தன் வரவை அறிவிக்கும் முறை நிகழ்வு முறை எனவும், கட்டுப்படுத்தி குறிப்பிட்ட இடைவெளியில் கேட்டுப் பார்க்கும் முறை வாக்கெடுப்பு முறை எனவும் வழங்கப்படுகின்றன.

தாமதத்திற்கான காரணங்கள்

சாதனம் தாமதமாக வருவதற்குப் பல காரணங்கள் உண்டு.

* பயனர் சாதனத்தைப் பின்னர் செருகுதல். விரலி நினைவகம், சுட்டி, விசைப்பலகை ஆகியவை எடுத்துக்காட்டுகள்.
* சாதனம் முன்பே இணைந்திருந்தும் ஆயத்தமாக நேரம் எடுத்தல். சுழலும் வன்தட்டு தன் முழு வேகத்தை எட்டச் சில நொடிகள் ஆகும். சில சாதனங்கள் தம் உள்மென்பொருளை ஏற்றி முடித்த பின்னரே பதில் அளிக்கும்.
* சாதனத்துக்கு மின்சாரம் தரும் உறுப்பு இன்னும் இயக்கப்படாதிருத்தல். மின்சேமிப்பிற்காகப் பல சாதனங்களின் மின்வழி இயல்பாக அணைந்தே இருக்கும்.
* சாதனம் வேறொரு சாதனத்தைச் சார்ந்திருத்தல். கடிகாரத் துடிப்பு, மின்னழுத்தம், மீளமைப்புக் குறிகை ஆகியவற்றைத் தரும் சில்லுகளின் இயக்கிகள் முதலில் தொடங்கியிருக்க வேண்டும்.
* இயக்கி தாமதமாக வருதல். சாதனம் ஆயத்தமாக இருந்தும், அதன் இயக்கி வட்டில் ஒரு கூறுநிரலாக இருந்தால், வட்டு கிடைக்கும் வரை அச்சாதனம் பயன்படாது.

இறுதியில் கூறப்பட்ட இரண்டும் வன்பொருளின் தாமதம் அல்ல; மென்பொருள் உலகில் உருவாகும் தாமதம். எனினும் இயக்கியின் பார்வையில் எல்லாம் ஒன்றே: கேட்டது இப்போது கிடைக்கவில்லை.

வராத சாதனமும் தாமதமான சாதனமும்

இச்சிக்கலின் மையம் ஒரு கேள்வியில் அடங்கியுள்ளது. பதில் வராதபோது, சாதனம் இல்லை என்று கொள்வதா, இன்னும் வரவில்லை என்று கொள்வதா? இரண்டுக்கும் பாட்டையில் காணப்படும் அறிகுறி பெரும்பாலும் ஒன்றுதான்: மௌனம்.

இல்லை என்று விரைந்து முடிவு செய்தால், சிறிது நேரத்தில் வரவிருந்த சாதனம் பயன்படாமல் போகும். இன்னும் வரவில்லை என்று கொண்டு காத்திருந்தால், உண்மையிலேயே இல்லாத சாதனத்துக்காகக் கணினி முடிவின்றி நிற்கும். நிலையான கால அளவு ஒன்றைக் காத்திருப்பது எளிய தீர்வாகத் தோன்றும். ஆனால் அக்கால அளவு விரைவான சாதனத்துக்கு மிகையாகவும் மெதுவான சாதனத்துக்குக் குறைவாகவும் அமையும். லினக்ஸில் யுஎஸ்பி சேமிப்பகச் சாதனங்களைப் பயன்படுத்தும் முன் காத்திருக்கும் நேரம் முன்னர் 5 நொடியாக இருந்து பின்னர் 1 நொடியாகக் குறைக்கப்பட்டது இதற்கு ஓர் எடுத்துக்காட்டு. ஆகவே நல்ல பாட்டைச் செந்தரங்கள், மௌனத்தையும் தாமதத்தையும் வேறுபடுத்திக் காட்டும் குறிகை ஒன்றை வரையறுக்கின்றன.

தானே கண்டறியும் பாட்டைகள்

யுஎஸ்பி

யுஎஸ்பி பாட்டையில் தாமதமாக வருதலே இயல்பு நிலை. தொடக்கத்திலேயே செருகியிருந்த சாதனமும், பத்து மணி நேரம் கழித்துச் செருகப்படும் சாதனமும் ஒரே வழியில் கையாளப்படுகின்றன. இது இப்பாட்டையின் வடிவமைப்பில் உள்ள சிறப்பு ஆகும்.

சாதனம் செருகப்பட்டதும் குவியத்தின் துறையில் மின்னழுத்தம் மாறுகிறது. குவியம் தன் நிலைமாற்றத்தை அறிவிக்கிறது. செருகும்போது உலோக முனைகள் உரசுவதால் இணைப்பு சில கணங்கள் விட்டுவிட்டு வரும். எனவே இணைப்பு தொடர்ந்து 100 மில்லி நொடி நிலையாக இருக்கும் வரை இயக்கி பொறுத்திருக்கிறது. லினக்ஸ் கருனி இதை 25 மில்லி நொடிக்கு ஒரு முறை சோதிக்கிறது. அதன் பின் துறை மீளமைக்கப்படுகிறது. புதிய சாதனம் முதலில் 0 என்னும் பொது முகவரியில் பதில் அளிக்கும். கட்டுப்படுத்தி அதற்கு 1 முதல் 127 வரையுள்ள ஒரு தனி முகவரியை வழங்குகிறது. பின்னர் சாதனத்தின் விவரிப்பிகள் படிக்கப்பட்டு, பொருத்தமான இயக்கி தேடப்படுகிறது.

0 என்னும் முகவரியில் ஒரு நேரத்தில் ஒரு சாதனம் மட்டுமே இருக்க முடியும். ஆகவே இரு சாதனங்கள் ஒரே கணத்தில் வந்தால் ஒன்று முடிந்த பின்னரே மற்றொன்றின் துறை மீளமைக்கப்படும்.

பிசிஐ எக்ஸ்பிரஸ்

பிசிஐ குடும்பத்தில் கட்டுப்படுத்தி ஒவ்வோர் இடத்தையும் முகவரி வாரியாகக் கேட்டுப் பார்க்கிறது. அங்கே சாதனம் இல்லையெனில் படிக்கப்படும் மதிப்பின் எல்லா இருமங்களும் 1 ஆக இருக்கும். மீளமைப்பிற்குப் பின் இயங்குதளம் குறைந்தது 100 மில்லி நொடி காத்திருந்தே முதல் கேள்வியைக் கேட்க வேண்டும் என்பது செந்தரத்தின் விதி.

அதன் பின்னரும் சாதனம் ஆயத்தமாகவில்லை எனில், அது மௌனமாக இராமல், பிறகு மீண்டும் கேள் என்ற பொருள் தரும் நிலைக்குறியைத் திருப்பி அனுப்பலாம். இவ்வசதி இயக்கப்பட்டிருக்கும்போது உற்பத்தியாளர் எண்ணுக்குப் பதிலாக 1 என்னும் சிறப்பு மதிப்பு படிக்கப்படும். எந்த நிறுவனத்துக்கும் அவ்வெண் வழங்கப்படவில்லை என்பதால் குழப்பம் ஏற்படாது. இதன்மூலம் இயக்கி மூன்று நிலைகளை வேறுபடுத்த முடிகிறது: உண்டு, இல்லை, இன்னும் ஆயத்தமாகவில்லை. மூன்றாம் நிலையில் லினக்ஸ் கருனி இடைவெளியை இரட்டித்துக்கொண்டே மீண்டும் மீண்டும் கேட்கிறது.

முன்கூட்டியே அறிவிக்கப்படும் பாட்டைகள்

பிலிப்ஸ் நிறுவனம் 1982இல் உருவாக்கிய ஐ2சி பாட்டை இரண்டு கம்பிகளால் ஆனது. இதில் சாதனம் தன்னை அறிவிக்கவோ, தான் யார் என்று கூறவோ கட்டாயமான செந்தர முறை எதுவும் இல்லை. முகவரியைக் கேட்டுப் பார்க்கலாம் எனினும், பதில் அளிப்பது வெப்பநிலை உணரியா மின்னழுத்தச் சில்லா என்பதை அறிய முடியாது. சில சில்லுகள் இத்தகைய சோதனைக் கேள்வியாலேயே தவறான நிலைக்குச் செல்லக்கூடும்.

ஆகவே எந்த முகவரியில் எச்சாதனம் உள்ளது என்பது முன்கூட்டியே எழுதி வைக்கப்படுகிறது. கைபேசிகளிலும் உட்பொதி கணினிகளிலும் இது சாதன மரம் எனப்படும் தரவு அமைப்பில் இடம்பெறுகிறது. தனிமேசைக் கணினிகளில் ஏசிபிஐ அட்டவணைகள் இப்பணியைச் செய்கின்றன. இங்கே இயக்கிக்குச் சாதனம் இருப்பது தெரியும். அதைப் பயன்படுத்தத் தேவையான துணைகள் எப்போது கிடைக்கும் என்பதே தெரியாது.

லினக்ஸ் கருனியில் ஒத்திவைத்தல் முறை

முந்தைய நிலை

2003இல் வெளிவந்த லினக்ஸ் 2.6 கருனி, எல்லாப் பாட்டைகளுக்கும் பொதுவான சாதன மாதிரி ஒன்றை அறிமுகப்படுத்தியது. இதில் ஒவ்வொரு பாட்டைக்கும் சாதனங்களின் பட்டியல் ஒன்றும் இயக்கிகளின் பட்டியல் ஒன்றும் உண்டு. புதிய சாதனம் வரும்போது இயக்கிகளின் பட்டியல் தேடப்படும். புதிய இயக்கி வரும்போது சாதனங்களின் பட்டியல் தேடப்படும். எனவே இரண்டில் எது பிந்தி வந்தாலும் இணைப்பு நிகழும்.

ஆனால் சாதனங்களுக்கு இடையிலான சார்பை இம்மாதிரி அறியவில்லை. இயக்கிகள் தொடங்கும் வரிசை, அவை கருனியில் தொகுக்கப்பட்ட வரிசையையும் தொடக்க நிலைகளையும் பொறுத்தே அமைந்தது. மற்றவற்றுக்கு முன் தொடங்க வேண்டிய ஐ2சி கட்டுப்படுத்தி இயக்கிகள் முந்தைய நிலை ஒன்றில் வைக்கப்பட்டன. ஒரு பலகைக்குப் பொருந்திய வரிசை மற்றொரு பலகைக்குப் பொருந்தவில்லை. ஒரே கருனி பல பலகைகளில் இயங்க வேண்டிய நிலை வந்தபோது இம்முறை தாக்குப்பிடிக்கவில்லை.

செயல்படும் விதம்

கிரான்ட் லைக்லி முன்வைத்த ஒத்திவைத்தல் முறை 2012 மே மாதம் வெளியான லினக்ஸ் 3.4 பதிப்பில் சேர்க்கப்பட்டது. அதன் கருத்து எளிமையானது. இயக்கியின் புரோப் செயற்கூறு தனக்குத் தேவையான மின்வழியையோ கடிகாரத்தையோ கேட்கிறது. அது இன்னும் பதிவாகவில்லை எனில், புரோப் செயற்கூறு 517 என்னும் தனிப் பிழை எண்ணைத் திருப்பி அனுப்புகிறது. தோல்வி என்று அதற்குப் பொருள் இல்லை. பிறகு அழை என்றே பொருள்.

கருனி அச்சாதனத்தை ஒரு காத்திருப்புப் பட்டியலில் வைக்கிறது. வேறு ஏதேனும் ஒரு சாதனம் தன் இயக்கியுடன் வெற்றிகரமாக இணையும்போதெல்லாம், காத்திருக்கும் அனைத்துச் சாதனங்களும் மீண்டும் முயற்சிக்கப்படுகின்றன. யார் யாருக்காகக் காத்திருக்கிறார் என்பதைக் கருனி கணக்கில் வைப்பதில்லை. புதிதாக ஒன்று கிடைத்துள்ளது; அது உங்களுக்கு உதவுமா என்று அனைவரையும் கேட்கிறது. வீண் முயற்சிகள் பல நிகழ்ந்தாலும், இறுதியில் சரியான வரிசை தானாகவே அமைந்துவிடுகிறது.

இம்முறையில் இரண்டு விதிகள் கட்டாயமானவை.

முதலாவது, ஒத்திவைக்கும் முன் அதுவரை பெற்ற நினைவகம், குறுக்கீடு, மின்வழி அனைத்தையும் இயக்கி திருப்பித் தந்துவிட வேண்டும். அடுத்த முறை புரோப் செயற்கூறு தொடக்கத்திலிருந்தே அழைக்கப்படும்.

இரண்டாவது, தன் பாட்டையில் சேய்ச் சாதனங்களை உருவாக்கிய பின் கட்டுப்படுத்தி இயக்கி ஒத்திவைக்கக் கூடாது. உருவாக்கிய சேய்களை நீக்கிவிட்டாலும் இது பொருந்தும். காரணம் பின்வருமாறு: சேய் ஒன்று தன் இயக்கியுடன் இணைவது ஒரு வெற்றி. அவ்வெற்றி காத்திருப்புப் பட்டியலைத் தூண்டும். அதனால் தாய்க் கட்டுப்படுத்தி மீண்டும் முயற்சிக்கப்படும். அது மீண்டும் சேயை உருவாக்கி மீண்டும் ஒத்திவைக்கும். இச்சுழல் முடிவற்றது. ஆகவே தேவையான துணைகள் அனைத்தையும் பெற்ற பின்னரே கட்டுப்படுத்தி தன் பாட்டையைப் பதிவு செய்ய வேண்டும்.

பிற்கால மேம்பாடுகள்

2017இல் வெளிவந்த 4.10 பதிப்பு சாதனப் பிணைப்புகளை அறிமுகப்படுத்தியது. இதன்மூலம் வழங்கும் சாதனம் எது, பெறும் சாதனம் எது என்பதைக் கருனியிடம் கூற முடிந்தது. தொடக்கத்தில் மட்டுமன்றி, கணினி உறங்கி எழும்போதும் இவ்வரிசை பின்பற்றப்படுகிறது.

சாதன மரத்தைப் படித்து இப்பிணைப்புகளைத் தானாகவே உருவாக்கும் வசதியைக் கூகிள் நிறுவனத்தின் சரவண கண்ணன் உருவாக்கினார். இது 2021இல் வெளியான 5.13 பதிப்பில் இயல்பிருப்பாக இயக்கப்பட்டது. இதனால் வழங்கும் சாதனம் ஆயத்தமாகும் முன் பெறும் சாதனத்தின் புரோப் செயற்கூறு அழைக்கப்படுவதே இல்லை. வீண் முயற்சிகள் பெருமளவு குறைந்தன. ஆயினும் சாதன மரத்தில் எழுதப்பட்ட ஒரு சாதனத்துக்கு இயக்கியே இல்லாதபோது, அதைச் சார்ந்தவை வீணாகக் காத்திருக்கும் புதிய சிக்கல் எழுந்தது. இதற்காகக் காலக்கெடு ஒன்று வைக்கப்பட்டுள்ளது.

எடுத்துக்காட்டு: பூட்டிய வீட்டுக்குள் சாவி

உட்பொதி பலகை ஒன்றில் இயங்குதளக் கோப்புகள் எஸ்டி அட்டையில் உள்ளன எனக் கொள்வோம். அட்டைக்கு மின்சாரம் தருவது ஐ2சி பாட்டையில் உள்ள மின்மேலாண்மைச் சில்லு. அச்சில்லின் இயக்கி ஒரு கூறுநிரலாக எஸ்டி அட்டையிலேயே சேமிக்கப்பட்டுள்ளது.

கணினி தொடங்குகிறது. எஸ்டி கட்டுப்படுத்தியின் இயக்கி மின்வழியைக் கேட்கிறது. அது இல்லாததால் ஒத்திவைக்கிறது. மின்மேலாண்மை இயக்கியை ஏற்றக் கோப்புமுறைமை தேவை. கோப்புமுறைமைக்கு எஸ்டி அட்டை தேவை. எஸ்டி அட்டைக்கு மின்மேலாண்மை இயக்கி தேவை. வீட்டைப் பூட்டிச் சாவியை உள்ளே வைத்த கதை இது. ஒவ்வோர் இயக்கியும் தனித்தனியே சரியாகவே எழுதப்பட்டுள்ளது. ஆயினும் கணினி ஒருபோதும் எழாது. ஒத்திவைத்தல் முறை வரிசையைச் சீர்செய்யுமே தவிர வட்டச் சார்பைத் தீர்க்காது.

மின்மேலாண்மை இயக்கியைக் கருனியோடு சேர்த்துத் தொகுப்பது அல்லது தொடக்கத்தில் நினைவகத்தில் ஏற்றப்படும் சிறு கோப்புமுறைமையில் அதை வைப்பது இதற்கான தீர்வு ஆகும். இதை ஒத்த மற்றொரு சூழலில், மூலக் கோப்புமுறைமை யுஎஸ்பி வட்டில் இருக்கும்போது, வட்டு தோன்றும் வரை காத்திருக்குமாறு ரூட்வெயிட் என்னும் தொடக்க அளவுரு வழியாகக் கருனிக்குக் கூறலாம்.

தாமத வருகைக்கு இடம் தரும் புதிய பாட்டைகள்

ஐ3சி

ஐ2சி பாட்டையின் குறைகளைக் களையும் நோக்கில் மிப்பி கூட்டமைப்பு ஐ3சி பாட்டையை உருவாக்கியது. இதில் ஹாட்-ஜாயின் எனப்படும் தாமத இணைவு முறை செந்தரத்திலேயே இடம்பெற்றுள்ளது.

தாமதமாக மின்சாரம் பெற்ற சாதனம், பாட்டை ஓய்ந்திருக்கும் தருணம் பார்த்துத் தரவுக் கம்பியைத் தாழ்நிலைக்கு இழுக்கிறது. கட்டுப்படுத்தி கடிகாரத் துடிப்பைத் தரும்போது, தாமத இணைவுக்கென ஒதுக்கப்பட்ட 2 என்னும் முகவரியை அது அனுப்புகிறது. கட்டுப்படுத்தி அதை ஏற்றால், முகவரி வழங்கும் நடைமுறை தொடங்குகிறது. சாதனத்தின் 48 இரும அடையாள எண் படிக்கப்பட்டு இயங்கு முகவரி ஒன்று வழங்கப்படுகிறது. ஆயத்தமில்லாத கட்டுப்படுத்தி கோரிக்கையை மறுக்கவோ, இத்தகைய கோரிக்கைகளைத் தற்காலிகமாகத் தடைசெய்யவோ முடியும்.

கட்டுப்படுத்தியின் இயக்கி இங்கே ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். கோரிக்கை குறுக்கீடாக வருகிறது. குறுக்கீட்டுச் செயற்கூறு உறங்கக் கூடாது. ஆனால் முகவரி வழங்குதலோ நேரம் எடுக்கும், பூட்டுகளைக் கோரும் பணி. எனவே குறுக்கீட்டுச் செயற்கூறு பணியைப் பணிவரிசையில் சேர்த்துவிட்டு உடனே திரும்புகிறது. பணிவரிசையின் இழை பின்னர் பாட்டையின் பூட்டைப் பெற்று முகவரி வழங்குகிறது. 2019இல் வெளியான 5.0 பதிப்பிலிருந்து லினக்ஸில் உள்ள ஐ3சி துணையமைப்பு இம்முறைக்கு இடம் தருகிறது.

மேலும், மின்சாரம் இழந்து மீண்டும் வந்த சாதனம் புதிய முகவரியைப் பெறலாம். அதைப் புதிய சாதனம் என்று கருதினால் பழைய இயக்கி இல்லாத முகவரியோடு பேசிக்கொண்டிருக்கும். ஆகவே அடையாள எண் ஒத்திருக்கிறதா என்று பார்த்து, பழைய சாதனத்தின் பதிவோடு புதிய முகவரி இணைக்கப்படுகிறது.

சவுண்ட்வயர்

ஒலிச் சில்லுகளுக்கான சவுண்ட்வயர் பாட்டையில் சாதனம் மின்சேமிப்பிற்காக அடிக்கடி பாட்டையிலிருந்து நீங்கி மீண்டும் இணைகிறது. இங்கே சாதனத்தின் இயக்கி, வன்பொருள் பாட்டையில் இல்லாதபோதே தொடங்கிவிடுகிறது. சாதனம் உண்மையில் வந்து சேர்ந்ததும் நிலைமாற்ற அறிவிப்பு தனியே தரப்படுகிறது. எனவே புரோப் செயற்கூற்றில் வன்பொருளின் பதிவகங்களைத் தொடக் கூடாது. வந்த பின்னரே தொட வேண்டும்.

இயக்கி எழுதுவோர் கவனிக்க வேண்டியவை

* முதலில் செவி, பிறகு எண்ணிக்கை: முதலில் சாதனங்களை எண்ணிவிட்டுப் பின்னர் நிகழ்வு அறிவிப்பை இயக்கினால், இரண்டுக்கும் இடைப்பட்ட கணத்தில் வந்த சாதனம் எண்ணிக்கையிலும் வராது, அறிவிப்பிலும் வராது. அது என்றென்றும் தொலைந்துபோகும். எனவே அறிவிப்பை முதலில் இயக்க வேண்டும். அப்போது ஒரே சாதனம் இருமுறை கண்டறியப்படலாம். அதை அடையாளம் கண்டு விலக்குவது எளிது.
* முன்பே வந்தவை: பயனர் வெளியில் இயங்கும் யுடெவ் நிரல் தொடங்கும் முன்பே பல சாதனங்கள் வந்துவிட்டிருக்கும். அவற்றின் அறிவிப்புகளைக் கருனி மீண்டும் அனுப்பச் செய்யும் வழி உள்ளது. இங்கே தாமதமாக வருவது சாதனம் அன்று, கேட்பவர்.
* பாதியில் செல்லுதல்: தாமதமாக வந்த சாதனம், அமைத்து முடிக்கும் முன்பே நீக்கப்படலாம். ஒவ்வொரு படிக்குப் பின்னும் பதிலைச் சோதிக்க வேண்டும். பிசிஐ பாட்டையில் எல்லா இருமங்களும் 1 ஆக வந்த மதிப்பை உண்மைத் தரவு என்று கொள்ளக் கூடாது.
* எல்லை வகுத்தல்: எந்தக் காத்திருப்புக்கும் முடிவு உண்டு. காலக்கெடு முடிந்ததும், எதற்காகக் காத்திருந்தோம் என்பதைப் பதிவேட்டில் எழுத வேண்டும்.

தொழிற்சாலைகளிலும் ஊர்திகளிலும்

கணினிக்கு வெளியே இச்சிக்கலின் விளைவு இன்னும் கடுமையானது. சென்னையின் மேற்குப் புறநகரில் 1960களில் நிறுவப்பட்ட அம்பத்தூர் தொழிற்பேட்டையில் பொறியியல் உதிரிபாகம் செய்யும் சிறு, குறு நிறுவனங்கள் நிறைந்துள்ளன. இத்தகைய பட்டறைகளில் உள்ள தானியங்கு இயந்திரத்தில் பிஎல்சி எனப்படும் கட்டுப்படுத்தி ஒன்று, மோட்டார் இயக்கிகள், உணரிகள் ஆகியவற்றோடு பாட்டை வழியாகப் பேசுகிறது. 2012இல் தமிழ்நாட்டில் நிலவிய கடும் மின்வெட்டின்போது, மின்சாரம் போய்த் திரும்புவது அன்றாட நிகழ்வானது. மின்சாரம் திரும்பும்போது இவ்வுறுப்புகள் அனைத்தும் ஒரே கணத்தில் எழுவதில்லை. கட்டுப்படுத்தி முதலில் எழுந்து, பாதுகாப்பு உணரி இன்னும் எழாதபோது, வெட்டும் இயந்திரத்தை இயக்கிவிட்டால் தொழிலாளியின் கைக்கே தீங்கு நேரும். எனவே இங்கே விதி தலைகீழாகிறது: கட்டாயச் சாதனம் ஒன்று வரவில்லை எனில், மற்றவை ஆயத்தமாக இருந்தாலும் இயந்திரம் தொடங்கக் கூடாது. தாமதமாக வந்த பின்னரும், தானாகத் தொடங்காமல், இயக்குபவர் பொத்தானை அழுத்தும் வரை நிற்க வேண்டும்.

தொழில்துறைப் பாட்டைகள் இதற்கு வெவ்வேறு வழிகளைக் கையாளுகின்றன. கேன்ஓப்பன் நெறிமுறையில், எழுந்த சாதனம் தான் எழுந்ததை ஒரு செய்தியால் அறிவிக்கிறது. மாட்பஸ் நெறிமுறையில் அத்தகைய அறிவிப்பு இல்லை. தலைமைக் கட்டுப்படுத்தி காலக்கெடுவோடு கேட்டுப் பார்க்க வேண்டும். ஈதர்கேட் பாட்டையில் இயங்கிக்கொண்டிருக்கும்போதே சில பகுதிகளைச் சேர்க்கவும் விலக்கவும் முடியும்.

போர் வானூர்திகளில் பயன்படும் மில்-எஸ்டிடி-1553 பாட்டையில், 31 முனையங்கள் வரை ஒரே பாட்டைக் கட்டுப்படுத்தியின் கட்டளைக்கு மட்டுமே பதில் அளிக்கும். தானே பேச எந்த முனையத்துக்கும் உரிமை இல்லை. எனவே பதில் தராத முனையத்தைக் கட்டுப்படுத்தி ஒதுக்கி வைத்தாலும், அது திரும்பி வந்துள்ளதா என்று அவ்வப்போது கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். இந்தியாவின் தேஜஸ் வானூர்தி இப்பாட்டையைப் பயன்படுத்துகிறது.

தொடருந்துகளுக்கான டபிள்யூடிபி பாட்டையில், பெட்டிகள் கோக்கப்படும்போதோ பிரிக்கப்படும்போதோ பாட்டை முழுவதும் மீண்டும் எண்ணப்படுகிறது. ஒவ்வொரு முனைக்கும் அதன் இடத்தை ஒட்டி முகவரி புதிதாக வழங்கப்படுகிறது. முகவரியே இடத்தைக் குறிப்பதால், இங்கே புதிய பெட்டியை மட்டும் சேர்த்துவிட்டு மற்றவற்றை அப்படியே விட முடியாது.

தமிழ்நாட்டில் இத்துறை

சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் பேராசிரியர் வீ. காமகோடி தலைமையில் உருவான சக்தி நுண்செயலித் திட்டம், ரிஸ்க்-வி என்னும் திறந்த கட்டளைத் தொகுதியை அடிப்படையாகக் கொண்டது. 2018இல் இதன் முதல் சில்லுகள் வெளிவந்தன. அவற்றுள் ஒன்று சண்டிகரில் உள்ள குறைகடத்தி ஆய்வகத்தில் 180 நானோமீட்டர் நுட்பத்தில் செய்யப்பட்டது. 2020இல் மௌசிக் என்னும் சில்லு வெளியானது. இந்நுண்செயலிகளின் வடிவமைப்பு திறந்த உரிமத்தில் கிடைப்பதால், பாட்டைக் கட்டுப்படுத்தியின் வன்பொருளையும் அதன் மென்பொருளையும் மாணவர்கள் சேர்த்தே படிக்க இயலும்.

ரிஸ்க்-வி கணினிகளில் லினக்ஸ் கருனி பொதுவாகச் சாதன மரத்தின் வழியே வன்பொருளை அறிகிறது. ஆகவே மேலே கூறப்பட்ட ஒத்திவைத்தலும் பிணைப்புகளும் இங்கும் அப்படியே பொருந்தும். புதிய பலகை ஒன்றில் லினக்ஸை எழுப்ப முயலும் மாணவர் சந்திக்கக்கூடிய முதல் புதிர்களுள் ஒன்று, பிழைச்செய்தி ஏதுமின்றி ஒரு சாதனம் காத்திருந்துகொண்டே இருப்பது ஆகும்.

குறை கண்டறிதல்

ஒத்திவைக்கப்பட்ட சாதனம் தோல்வியுற்றதாகக் கருதப்படுவதில்லை என்பதால் பதிவேட்டில் அதன் தடயம் இல்லாமல் போகலாம். கருனியின் பிழைதிருத்தக் கோப்புமுறைமையில் ஒத்திவைக்கப்பட்ட சாதனங்களின் பட்டியல் ஒரு கோப்பாகக் கிடைக்கிறது. 2020இல் வெளியான 5.9 பதிப்பிலிருந்து, ஒத்திவைத்ததற்கான காரணத்தையும் இயக்கி பதிவு செய்யும் வழி உள்ளது. அதைப் பயன்படுத்தும் இயக்கிகளில், எச்சாதனம் எதற்காகக் காத்திருக்கிறது என்பதை அப்பட்டியலிலேயே படிக்கலாம்.

பட்டியலில் பெயர் இருந்தால், அது நாடும் சாதனத்தின் இயக்கி கருனியில் உள்ளதா, சாதன மரத்தில் அதன் நிலை இயக்கப்பட்டதாக எழுதப்பட்டுள்ளதா எனப் பார்க்க வேண்டும். பட்டியலில் பெயர் இல்லாமலும் சாதனம் வேலை செய்யாமலும் இருந்தால், இயக்கியோடு பொருத்தமே நிகழவில்லை என்றோ புரோப் செயற்கூறு வேறு பிழையால் நின்றது என்றோ கொள்ளலாம்.

இவற்றையும் பார்க்க

* இயங்குதளம்
* லினக்ஸ் கருனி
* யுஎஸ்பி
* ஐ2சி
* சக்தி நுண்செயலி
* அம்பத்தூர் தொழிற்பேட்டை